அந்தப்புரத்து இடக்கதவு

விநாயகமூர்த்தியின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று பதின்மூன்று வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கடைசியில் அவனோடு சேர்ந்து ஒரு கதவைத் திறந்து மூடும் வேலைதான் எனக்கு வாய்த்தது. இரட்டைக் கதவு. இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், ஒரே நேரத்தில் மூட வேண்டும். திறக்கும்போது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, நேரே முன்னால் பார்க்க வேண்டும் என்பது டைரக்டரின் கட்டளை. அந்த ஒரு கட்டளைக்காக அந்த வெள்ளைக்காரனுக்கு நான் கடமைப்பட்டவன்.

இது நடந்தது 1995 ஒக்ரோபரில். ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு பழைய தியேட்டரை ஒரு சின்ன ஒப்பெரா கொம்பனி வாடகைக்கு எடுத்து, இருநூறு வருடங்களுக்கு மேல் பழைய ஒரு பகிடி நாடகத்தைப் போட்டது. ஒப்பெரா என்றால் எல்லாவற்றையும் பாட்டாகவே சொல்வது. தண்ணீர் விடாய்க்கிறது என்பதைக்கூட நாலு நிமிடம் பாடுவார்கள், அதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஜெர்மன் பாஷையில் பாடினார்கள். கதையை எனக்குச் சொன்னவள் கெத்தி, மேடைக்குப் பின்னால் எங்களைக் கட்டி மேய்த்த பெண்.

ஒரு ஐரோப்பியப் பெண்ணைக் கடற்கொள்ளையர்கள் பிடித்து ஒரு பாஷாவுக்கு விற்றுவிடுகிறார்கள். பாஷா அவளை அந்தப்புரத்தில் அடைத்து வைக்கிறான். அவளைக் கட்டப்போகிறவன், அரண்மனை மணிக்கூட்டைத் திருத்த வந்த வேலைக்காரன் போல வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறான். இரண்டு அங்கம் முழுக்க அவனும் அவளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டே ஒருவரையொருவர் காண முடியாமல் அலைகிறார்கள். எல்லாம் அந்தப்புரக் காவல் தலைவனால். பெரிய வயிறும் இடுப்பில் சாவிக்கொத்துமாக அவன் எல்லா இடத்திலும் வந்து நிற்பான். மூன்றாம் அங்கத்தில் பாஷாவின் மனம் இளகி, காதலர்களுக்கு ஒரு கப்பலும் கொடுத்து அனுப்பிவிடுகிறான். சபை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்.

கெத்தி இதைச் சொல்லி முடித்தபோது இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். இருநூறு வருடங்களுக்கு முன்னால் எவனோ ஒருத்தன் என்னுடைய கதையை எழுதி வைத்திருக்கிறான். கப்பல்தான் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காவல் தலைவனைப் பார்க்கும் போதெல்லாம் விநாயகமூர்த்திக்கு எதற்கு இடக்கதவு வலக்கதவு, நேரே அந்தச் சாவிக்கொத்தைக் கொடுத்திருக்கலாமே என்று நினைப்பேன்.

அந்தப்புரத்தில் காவல் நிற்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் எதை அறுத்துவிட்டு வேலை கொடுத்தார்கள் என்பதையும் கெத்திதான் சொன்னாள். விநாயகமூர்த்திக்கு நன்றாகப் பொருந்தும் என்று வாய்விட்டுச் சிரித்தேன். அதே உடுப்பில்தான் நானும் நிற்கிறேன் என்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது.

நான் இந்த வேலைக்குத் தற்செயலாகப் போகவில்லை. விநாயகமூர்த்தி அந்தத் தியேட்டரில் கூட்டித் துடைக்கிறவன். அவனுடைய உயரத்தையும் மீசையையும் பார்த்த கொம்பனிக்காரர்கள், உன்னைப்போல இன்னும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வா, பாட வேண்டியதில்லை, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றிருக்கிறார்கள். அவன் ஸ்காபரோவில் தங்கத்துரை அண்ணையின் பலசரக்குக் கடையில் ஒரு அறிவித்தல் ஒட்டினான். கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் அதைக் கண்டேன். கீழே அவனுடைய பெயர் இருந்தது. கத்தரிக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் மார்க்கம் நகரில் நான் வேலை செய்யும் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து வெளிக்கிட்டு நேரே தியேட்டருக்குப் போனேன். நான் ஆறடி ஓரங்குலம். டைரக்டர் என்னைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, ஆக உயரமான இரண்டு பேரும் கதவுக்கு என்றார். விநாயகமூர்த்தி ஈரத் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றான். அவனுடைய முகம் கறுத்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், நல்ல சந்தோஷம்.

அவனுக்கு ஒரு தங்கச்சி. அருள்மலர். 1982இல் ஊரில், கொக்குவிலில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது, எனக்கு இருபத்தெட்டு. அவளுக்கு நான் வாசிக்கப் புத்தகம் கொடுப்பேன், அவள் வாசித்துவிட்டுத் திருப்பித் தருவாள். புத்தகத்தைத் தரும்போது ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுடைய இடத்தில் அந்தக் காலத்தில் யார் வாயால் சொன்னார்கள்? நாங்கள் காதலர்கள் என்றுதான் நான் சொல்வேன், மறுக்கிறவன் முன்னால் வரட்டும்.

முறைப்படி தங்கத்துரை அண்ணையைத் தூது அனுப்பினேன். அப்போது அவர் ஊரில் கல்யாணம் பேசுகிறவர். சாதகக் குறிப்பைக் கொண்டு போனார். தகப்பன் இல்லாத வீடு, விநாயகமூர்த்திதான் பெரிய மனிதன். நாலாம் நாள் அவரிடமே பதில் வந்தது: குறிப்புப் பொருந்தவில்லையாம். நான் விடவில்லை. அண்ணையிடம் இருந்த இரண்டு குறிப்பையும் வாங்கிக்கொண்டு இணுவிலில் ஒரு சாத்திரியாரிடம் போனேன். பத்துப் பொருத்தத்தில் எட்டு என்றார். மானிப்பாயில் இன்னொருவர் எட்டரை என்றார். அந்த இரண்டு கடுதாசியையும் கொண்டுபோய் விநாயகமூர்த்தியின் வீட்டு வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். அவன் வெளியே வந்து, குறிப்புப் பொருந்தவில்லை என்று திரும்பவும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எழுத்திலே எட்டரைப் பொருத்தம் இருக்க என்னுடைய முகத்தைப் பார்த்து இப்படி ஒரு பச்சைப் பொய்.

பிறகு கலவரம், ஆமி, ஓட்டம். நான் 88இல் இங்கே வந்து சேர்ந்தேன். பேசி வந்த இரண்டு இடத்தையும் வேண்டாம் என்றேன். 1994இல் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில், செருப்பு வைக்கும் இடத்தில், அவளைக் கண்டேன். கழுத்தில் தாலி இல்லை. அவளுக்குப் பின்னால் விநாயகமூர்த்தியும் அவனுடைய பெண்சாதி சந்திரவதனாவும் நின்றார்கள். அவனைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கச்சியை எனக்கும் தராமல் வேறு ஒருவனுக்கும் தராமல் வீட்டோடு வைத்திருக்கிறான். ரூஜில் புது வீடு. அவள் ஏதோ ஒரு கந்தோரில் நல்ல வேலையாம். அந்த வருமானத்தை விட்டுக்கொடுக்க மனம் வருமா அவனுக்கு?

திரும்பவும் தூது விட்டேன், அதே தங்கத்துரை அண்ணையைத்தான். இந்த முறை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் கொம்பியூட்டரில் பொருத்தம் எடுத்தேன். நீளமான கடுதாசியில் ஒன்பது என்று வந்தது. அதையும் கொடுத்து அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து அண்ணை கடையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னார்.

"குறிப்புப் பொருந்தேல்லையாம், தம்பி. விடன். நாப்பது தாண்டின பிறகு ஏன் உந்த அந்தரம்?"

கொம்பியூட்டருக்கும் பொய் சொல்லத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் பூசணித் துண்டை நிறுத்துத் தந்தார்.

இந்த நிலையில்தான் அந்த அறிவித்தலைக் கண்டேன். அவனுக்குப் பக்கத்தில் ஆறு வாரம் நிற்கலாம். மூச்சுக்கு மூச்சு என்னுடைய முகத்தை அவன் பார்க்க வேண்டும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வாயைத் திறந்து உண்மையைக் கக்குவான் என்று கணக்குப் போட்டேன்.

அவன் கக்கவில்லை. அவனுக்கும் எனக்கும் இடையில் மூன்று வாரம் எண்களைத் தவிர வேறு பேச்சே இல்லை. புல்லாங்குழல் தொடங்கியதும் எட்டு எண்ணிக் கதவைத் திறக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அந்தச் சங்கீதத்தில் தலையும் விளங்காது வாலும் விளங்காது. அதனால் அவன் உதட்டுக்குள் ஒண்டு, ரெண்டு என்று எண்ணுவான். நான் அவனைவிடச் சற்றுப் பெலத்து எண்ணுவேன். அவன் எட்டில் இழுத்தால் நான் எட்டரையில் இழுப்பேன். அவன் ஆறுதலாக, மெல்லத் தள்ளினால் நான் அடித்துச் சாத்துவேன். டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பவும் முதலில் இருந்து என்பார். எங்களுடைய கறுத்த தோலுக்கு மேலே மண்ணிறம் பூசி, எங்களுடைய மீசைக்கு மேலே பொய் மீசை ஒட்டி, இயற்கையாக நில்லுங்கள் என்று சொல்கிற மனிதன் அவர். அவருக்காக நான் இரக்கப்படவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பிழை நடந்தது. நாயகி பாடிக்கொண்டே வாசலைத் தாண்டும் இடம். விநாயகமூர்த்தி தன் பக்கத்தைச் சரியாகத் திறந்துவிட்டான். நான் வேண்டுமென்றே பிடித்து வைத்தேன். பார்ப்போம், அவன் மட்டும் எப்படித் திறக்கிறான் என்ற வீம்பு. அந்தப் பெண் நேரே வந்து என்னுடைய கதவில் தோளை இடித்துக்கொண்டாள். பாட்டு நின்றது. முப்பது பேருடைய வாத்தியமும் ஒவ்வொன்றாக நின்றது. யார் செய்தது என்று டைரக்டர் கத்தினார். செய்தவனை அந்த இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விநாயகமூர்த்தி ஈட்டியை உயர்த்தித் தன்னுடைய பிழை என்றான். அவன் அங்கே துடைக்கிறவன், எல்லாருக்கும் பிடித்தவன், திட்டோடு விட்டுவிட்டார்கள்.

என்னுடைய குற்றத்தைக்கூட எனக்குத் தரமாட்டானாம். உடுப்பு மாற்றும் அறையில் அவனை மறித்தேன். உன்னுடைய பெருந்தன்மை எனக்குத் தேவையில்லை, அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்பதை மட்டும் சொல் என்று கேட்டேன். மற்ற நாலு பேரும் கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவன் மீசையை உரித்து மேசையில் வைத்தான். கன்னம் சிவந்திருந்தது.

"சண்முகநாதன், குறிப்புப் பொருந்தேல்லை. அவ்வளவுதான். இதை இனி என்னட்டைக் கேளாதை."

அதைச் சொல்லும்போது அவனுடைய கண்ணில் ஒரு பரிதாபம் இருந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இவன் யார் என்று எனக்கு மேலும் கொதித்தது.

ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடியும்போது அருள்மலரின் கார் பின்பக்க வீதியில் நிற்கும். அவள்தான் ஓட்டிக்கொண்டு வருவாள். அவன் ராசா மாதிரிப் பக்கத்து ஆசனத்தில் ஏறிக்கொள்வான். வேலையால் களைத்து வருகிறவளைச் சாரதியாகவும் வைத்திருக்கிறான் பாருங்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய முகம் சரியாகத் தெரியாது. நாடகத்தில் நாயகி பதினொரு நிமிடம் தனியாக நின்று பாடுகிற ஒரு பாட்டு உண்டு. என்னைக் கட்டிவைக்கலாம், என் மனதைக் கட்ட முடியாது என்று அதற்குப் பொருளாம். அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்க் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். கண் கலங்கும். காவற்காரன் அழக் கூடாது என்று கெத்தி எனக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள்.

முதல் காட்சிக்கு முந்தின நாள், முழு வேடத்தோடு கடைசி ஒத்திகை. அதைப் பார்க்க எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு ரிக்கற் இலவசமாகத் தந்தார்கள். விநாயகமூர்த்தியின் ரிக்கற்றில் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். என்னுடைய இரண்டையும் தங்கத்துரை அண்ணையின் கடையில் வைத்துவிட்டு வந்தேன். ஒத்திகைக்கு முதல் நாள் முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். வேடம் போட்டவன் உள்ளே போகலாம் என்றால், வேடம் போட்ட நான் வெளியே போகலாம். இடைவேளையில் அவளைச் சந்திப்பேன். என்னோடு வருகிறாயா என்று கேட்பேன். அவள் ஓம் என்றால் அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். அவளுடைய வாயில் இருந்து ஒரு ஓம், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அதற்காகப் பதின்மூன்று வருடம் ஒரு மனிதன் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறான்.

மேடை உடுப்போடு சபைப் பக்கம் போகக் கூடாது என்பது கெத்தியின் கடுமையான சட்டம். இரண்டாம் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் நான் ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கக் கதவால் வெளியேறினேன். விநாயகமூர்த்தி என்னைக் கண்டான். தடுக்கவில்லை. பின்னால் கூப்பிட்டானோ என்னவோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளி மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வழி விட்டார்கள். இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவி என்னுடைய அங்கியின் சரிகையைத் தொட்டுப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றாள். ஜன்னல் ஓரமாக அருள்மலர் நின்றாள். நீலக் குளிர்ச்சட்டை, காதோரம் ஒன்றிரண்டு நரை. பக்கத்தில் சந்திரவதனா. அவளுடைய கையில் ஒரு கடுதாசிப் பை, அதற்குள் வீட்டில் பொரித்த ரோல்ஸ். என்னைக் கண்டதும் சந்திரவதனா கடித்த ரோல்ஸைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

அருள்மலர் என்னை உடனே அடையாளம் கண்டாள். அந்த வேடத்திலும் கண்டாள். அதுவே எனக்கு ஒரு வெற்றி போல இருந்தது. நான் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீர் இனி உம்மடை அண்ணைக்குப் பயப்பிடத் தேவையில்லை. நான் இருக்கிறன். வெளிக்கிட்டு வாரும்."

அருள்மலர் சந்திரவதனாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் ஏன் அண்ணைக்குப் பயப்பிடவேணும்? வீடு என்ரை. அண்ணையாக்கள்தான் என்னோடை இருக்கினம். அவருக்கு லைசென்ஸும் இல்லை, நான்தான் ஏத்தி இறக்கிறன்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இணுவில் எட்டு, மானிப்பாய் எட்டரை, கொம்பியூட்டர் ஒன்பது என்று அடுக்கினேன். மூன்று இடத்தில் பொருந்தியதை உம்முடைய அண்ணன் எந்த முகத்தோடு பொருந்தவில்லை என்கிறான் என்று கேட்டேன். என்னுடைய குரல் உயர்ந்ததை நானே கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"குறிப்புப் பொருந்துது எண்டு எங்களுக்கும் தெரியும்," என்றாள் அருள்மலர். "நான்தான் வேண்டாமெண்டனான். ரெண்டு தரமும்."

அவளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. கந்தோரில் ஒருவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பவள் போல நிதானமாகச் சொன்னாள். பெண் வேண்டாம் என்றுவிட்டாள் என்ற கதை வெளியே போனால் அந்தப் பெடியனுக்குப் பிறகு எந்த இடமும் சரிவராது, பழியைக் கிரகத்தின் தலையில் போடுவோம் என்று விநாயகமூர்த்திதான் அன்றைக்குச் சொன்னானாம். அப்படித்தானே எல்லா வீட்டிலும் சொல்வார்கள், குறிப்புப் பொருந்தவில்லை என்றால் என்ன பொருள் என்று தெரியாத ஒரு மாப்பிள்ளையை நாங்கள் கண்டதில்லை, நீங்கள் சாத்திரியாரின் கடுதாசியோடு வந்து வாசலில் நிற்பீர்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றாள்.

உண்மைதான். ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பதில் வந்திருக்கும்? எல்லாரும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். கணக்குச் சரிபார்க்கப் போனவன் நான் ஒருவன்தான். ஆனால் அந்த நேரத்தில் இதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் சொல்லித் தந்ததை ஒப்புவிக்கிறீர் என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். நீர் புத்தகத்தைத் தந்துவிட்டுச் சிரித்தது பொய்யா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் இப்போது சிரிக்கவில்லை. சந்திரவதனா அவளுடைய முழங்கையைப் பிடித்து, வா போவோம் என்றாள். அருள்மலர் போகவில்லை.

"பொய் இல்லை. முதலிலை எனக்கும் விருப்பம்தான்," என்றாள்.

இந்தச் சொல்லுக்காகத்தானே நான் உயிரோடு இருந்தேன். அவள் தொடர்ந்து சொன்னாள்.

"ஒருநாள் புத்தகம் தர உங்கடை வீட்டுக்கு வந்தனான். படலையடியிலை நிண்டனான். நீங்கள் கிணத்தடியிலை வைச்சு வரதனைச் சைக்கிள் பம்பாலை அடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அவன் கும்பிட்டுக்கொண்டு நிண்டவன். பதினைஞ்சு வயசுப் பெடியன். நீங்கள் நிப்பாட்டேல்லை. நான் புத்தகத்தை மதிலிலை வைச்சிட்டு வந்திட்டன். அதுக்கு அடுத்த கிழமைதான் தங்கத்துரை அண்ணை குறிப்போடை வந்தவர்."

வரதன் என்னுடைய தம்பி. தகப்பன் செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவன் நான். அடிக்காமல் எந்தப் பிள்ளை வளர்ந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அது எந்த நாள் என்று முதலில் நினைத்துப் பார்ப்போம், அந்த நாளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன நாளா? கணக்கில் தவறிய நாளா? படம் பார்க்கப் போய் இருட்டின பிறகு வந்த நாளா? பால் செம்பைக் கவிழ்த்த நாளா? ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எல்லா நாளும் கிணற்றடிதான். எல்லா நாளும் அவன் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றான். அவள் கண்டது இதில் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. படலையில் யார் நிற்கிறார்கள் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

"வரதன் இப்ப எங்கை?" என்று கேட்டாள்.

பரிஸில் என்றேன். கதைக்கிறவனா என்று கேட்டாள். ஓம், அடிக்கடி என்றேன். ஏழு வருடமாக அவனிடமிருந்து ஒரு கடிதம் இல்லை, ரெலிபோன் இலக்கம்கூட எனக்குத் தெரியாது. அவள் நான் சொன்னதை நம்பினது போலத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் என்னை விசராக்கியது. விநாயகமூர்த்தி, தங்கத்துரை அண்ணை, சந்திரவதனா, இவள், எல்லாரும் இத்தனை வருடமாக என்னுடைய முகம் கோணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று பயந்திருக்கிறார்கள். நான் அவ்வளவு பொல்லாதவனா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். தன்மையாகத்தான் கேட்க நினைத்தேன். அதற்கான சொற்கள்கூட வந்துவிட்டன.

மணி அடித்தது. சனம் உள்ளே போகத் தொடங்கியது. யாரோ பின்னால் இடித்ததில் என்னுடைய தலைப்பாகை முன்னுக்குச் சரிந்து கண்ணை மறைத்தது. அதை நிமிர்த்தக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அருள்மலர் சட்டென்று ஓர் அடி பின்னால் போனாள். தோள் ஒடுங்கியது. முகம் ஒரு பக்கம் திரும்பியது. அவளுடைய கை தன்பாட்டில் காதுக்கு மேலே வந்து நின்றது. அடி வாங்காத ஒருத்தி, ஒருதரம் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி நின்றாள். சந்திரவதனா கடுதாசிப் பையோடு எங்களுக்கு நடுவில் வந்துவிட்டாள்.

"தலைப்பாகையைத்தான்..." என்றேன்.

"ஓம், தெரியும்," என்றாள் அருள்மலர்.

கையை இறக்கினாள். பின்னால் வைத்த காலை அவள் முன்னால் வைக்கவில்லை.